முதல் பந்தி மண்ணுக்கு: வாசகர் கேள்விகள்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெயர் போடுவதில்லை என்பது நான் வைத்த விதி. செத்த செடியைப் பற்றி எழுதுகிறவருக்கு அந்த அளவு மரியாதையாவது கிடைக்க வேண்டும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "எல்லாம் இயற்கை உரம்தான் போட்டேன், ஆனாலும்..." அந்த 'ஆனாலும்' எங்கிருந்து முளைக்கிறது என்று பார்ப்போம்.

கேள்வி: அம்மா, களிமண்ணை இளக்க வேண்டும் என்று தச்சுப்பட்டறையில் இருந்து மூன்று மூட்டை மரத்தூள் கொண்டுவந்து மிளகாய்ப் பாத்தியில் கொத்திக் கலந்தேன். நட்டு இருபத்தைந்து நாளாகிறது. செடி ஒரு சாணுக்கு மேல் எழவில்லை. அடி இலைகள் எலுமிச்சை நிறமாகி உதிர்கின்றன. மரத்தூளில் ஏதாவது விஷம் இருக்குமா?

பதில்: விஷம் எதுவும் இல்லை, தம்பி. உங்கள் மிளகாய் பந்தியில் உட்கார்வதற்குள் சோறு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மண்ணில் எதைப் போட்டாலும் முதல் பந்தி நுண்ணுயிர்களுக்கு. செடிக்கு எப்போதும் இரண்டாம் பந்திதான். நுண்ணுயிரின் உடம்பில் ஏறக்குறைய எட்டுப் பங்கு கரிமத்துக்கு (கார்பன்) ஒரு பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கும். மூச்சுவிடச் செலவாகும் கரிமத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 24-க்கு 1 என்ற விகிதத்தில் உணவு கிடைத்தால் அவற்றுக்குத் திருப்தி. மரத்தூளில் அந்த விகிதம் மரத்தைப் பொறுத்து 300-க்கு 1, 400-க்கு 1, அதற்கு மேலும் போகும். வெறும் கரிமத்தைக் கொட்டிவிட்டால் குறைகிற தழைச்சத்தை அவை எங்கே தேடும்? பக்கத்தில் இருக்கிற மண்ணில்தான். வேரைவிட அவற்றுக்குக் கை நீளம். எடுத்ததைத் திருப்பித் தரமாட்டா என்றில்லை. தூள் மட்கி, அவையும் மடிந்த பிறகு எல்லாம் மண்ணுக்குத் திரும்பும். ஆனால் அதற்கு ஓராண்டுக்கு மேலேயே ஆகலாம். மிளகாய் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே.

மண் பரிசோதனைக் கூடத்தில் 27 ஆண்டுகள் மண்ணைச் சலித்து, எடை போட்டு, அறிக்கை எழுதியவள் நான். வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, வீட்டு வெண்டைப் பாத்தியில் இதே காரியத்தைச் செய்தேன். பாடம் புத்தகத்தில் இருந்தது, மரத்தூள் இலவசமாகக் கிடைத்தது, இலவசம் வென்றது. அந்தப் பருவம் முழுவதற்கும் பதினொரு வெண்டைக்காய் பறித்தேன். எண்ணும்படி இருந்ததால் எண்ணினேன்.

இப்போது செய்ய வேண்டியது: வேகமாகக் கரையும் தழைச்சத்து கொடுங்கள். கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 7 சதவீதம் தழைச்சத்து உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் எடுத்து இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் பாத்தியில் ஊற்றுங்கள். இரண்டு வாரம் விட்டு மறுபடியும் ஒரு முறை. நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் மரத்தூள் இருந்தால் எறிய வேண்டாம். மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்புங்கள். மேலே கிடந்தால் அது மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டும்தான் தழைச்சத்தைப் பிடிக்கும், வேர் வரை கை நீளாது. உள்ளே கொத்திக் கலப்பதில்தான் வினை. காய்ந்த சருகு, வைக்கோல், மட்காத தென்னை நார்க்கழிவு எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். நார்க்கழிவில் கூடுதலாக உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் தொட்டியில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: விறகுச் சாம்பல் நிறையச் சேர்கிறது. செடிக்குப் போடலாமா?

பதில்: போடலாம், உப்பைப் போடுவதுபோல. சாம்பலில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் உண்டு, காரத்தன்மையும் கடுமையாக உண்டு. புளித்த, அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணுக்கு நல்லது. கார அமில நிலை (pH) 7-க்கு மேல் இருக்கிற மண்ணுக்கு வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி போதும். சாணத்தோடோ கோழி எருவோடோ கலந்து வைக்காதீர்கள். கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்கே சாட்சி சொல்லும். வர்ணம் அடித்த மரத்தின் சாம்பல் தோட்டப் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: கோழிப்பண்ணையில் இருந்து வந்த எருவை ஒரு மாதம் மூட்டையிலேயே வைத்திருந்து, மக்கிவிட்டது என்று நினைத்துக் கத்தரி நாற்றின் தூரில் ஒரு கைப்பிடி வைத்தேன். மூன்றாம் நாள் இலை ஓரங்கள் கருகின. ஒரு வாரத்தில் பாதி நாற்று போயிற்று. மக்கியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மூட்டைக்குள் இருந்தது மக்கவில்லை, காத்திருந்தது. காற்றும் ஈரமும் இல்லாமல் எதுவும் ஒழுங்காக மட்காது. நீங்கள் தண்ணீர் ஊற்றியதும் அது வேலையைத் தொடங்கியது, உங்கள் நாற்றின் வேருக்கு ஒட்டினாற்போல. அம்மோனியாவும் உப்பும் சேர்ந்து வேர் நுனியைச் சுட்டுவிட்டன.

எருவை மட்கவைக்கும் குவியலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். அதைவிடச் சிறியது சூட்டைத் தாங்கிப் பிடிக்காது. எருவோடு மூன்று நான்கு மடங்கு காய்ந்த சருகு அல்லது வைக்கோல். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக்கூடாது. இரண்டு மூன்று நாளில் குவியல் சுட ஆரம்பிக்கும். நான் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி வைத்திருப்பேன். காலையில் அதை உருவி உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பேன். மூன்று எண்ணுவதற்குள் கையை விட்டுவிட்டால் குவியல் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். வெப்பமானி வைத்தால் 55 முதல் 65 டிகிரி காட்டும். 70-ஐத் தாண்டினால் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களே செத்துப்போகும், உடனே கிளறிவிட வேண்டும். நோய்க் கிருமியும் களை விதையும் அழிவது இந்தச் சூட்டில்தான். திறந்த குவியலாக இருந்தால் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் குறைந்தது ஐந்து முறை கிளறல் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் இருக்கும் கணக்கு. கிளறுவது எதற்கு என்றால், வெளியே ஆறிக் கிடப்பதும் உள்ளே போய் ஒருமுறை வேக வேண்டும்.

சூடு ஆறியதும் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். வெந்தது வேறு, பக்குவம் ஆனது வேறு. அதன் பிறகு ஒன்றிரண்டு மாதம் சும்மா கிடக்க வேண்டும். பிறகு இரண்டு சோதனை செய்யுங்கள். ஈரமான உரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது முதல் மழை விழுந்த மண் வாசனை வந்தால் சரி. புளித்த வாடையோ மூக்கைத் துளைக்கும் அம்மோனியாவோ வந்தால் குவியலுக்கே திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது, பாதி உரம் பாதி மண் கலந்த கிண்ணத்தில் பத்து முள்ளங்கி விதை, வெறும் மண்ணில் பத்து விதை. இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்தால் நம்பலாம்.

மக்காத பச்சை எருவை மண்ணில் சேர்ப்பதாக இருந்தால், மண்ணைத் தொட்டு விளையும் கீரை, முள்ளங்கி, கேரட் போன்றவற்றுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே சேர்த்துவிட வேண்டும், மண்ணைத் தொடாத காய்களுக்கு 90 நாள் என்பதும் அதே விதிகளில் உண்டு. செடிக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று இது, பச்சையாகக் கடித்துத் தின்னும் நம் வயிற்றுக்காகவும்தான்.

கேள்வி: தொழு உரம் இரண்டு ஆண்டு பழையது. கறுப்பாக, உதிரியாக, நல்ல மண் வாசனையோடு இருக்கிறது. ஆனால் அதைப் போட்ட பாத்தியில் மட்டும் அவரையும் தக்காளியும் நுனி இலை சுருண்டு, கரண்டிபோல் குழிந்து, பெரணி இலைபோல் ஒடுங்கி வளர்கின்றன. வைரஸ் நோய் என்று ஒருவர் சொன்னார். பிடுங்கி எரித்துவிட்டேன். மறுபடி நட்டதும் அதேபோல் இருக்கிறது.

பதில்: ஐயா, எழுதும்போது இலையின் வடிவத்தை இவ்வளவு கவனமாகச் சொன்னதற்கு நன்றி. அதனால்தான் பதில் சொல்ல முடிகிறது. வைரஸ் என்றால் அந்தப் பாத்தியோடு நின்றிருக்காது. எனக்குச் சந்தேகம் மாட்டின் தீவனத்தின் மேல்.

மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளை அழிக்க அடிக்கும் சில களைக்கொல்லிகள் புல்லை ஒன்றும் செய்வதில்லை. மாடு அந்தப் புல்லைத் தின்றால் மருந்து அதன் வயிற்றிலும் சிதையாமல் சாணத்தில் வந்துவிடுகிறது. அமினோபைராலிட், குளோபைராலிட் என்று பெயர். குவியலின் சூட்டுக்கும் எளிதில் அசைவதில்லை. மிகக் குறைந்த அளவே போதும், பயறு வகைகளும் தக்காளிக் குடும்பமும் முகத்தைச் சுளிக்கும். 2008-இல் பிரிட்டனில் ஏராளமான வீட்டுத் தோட்டங்கள் இப்படிக் கெட்டு, அமினோபைராலிட் விற்பனை அப்போது நிறுத்திவைக்கப்பட்டது.

நான் வெளியில் இருந்து வரும் எருவை இப்போதெல்லாம் அவரையிடம் கேட்காமல் போடுவதில்லை. மூன்று கிண்ணத்தில் எருவும் மண்ணும் சரிபாதி. இன்னும் மூன்று கிண்ணத்தில் எரு படாத மண். ஒவ்வொன்றிலும் மூன்று அவரை விதை. இரண்டு கூட்டத்தின் தண்ணீரும் கலக்காதபடி தள்ளித் தள்ளி வைப்பேன். முதல் இரண்டு இலை எப்போதும் ஒழுங்காகத்தான் வரும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதற்குப் பின் வரும் மூவிலைதான் உண்மையைச் சொல்லும். ஒருமுறை ஓர் எருவில் அந்த மூவிலை பாதி விரிந்த குடைபோல் ஓரங்கள் உள்ளே மடிந்து நின்றுவிட்டது. நரம்புகள் மட்டும் தடித்து, இணையாக ஓடின. பக்கத்துக் கிண்ணத்தில் அதே நாளில் போட்ட விதை உள்ளங்கை அகலத்துக்கு விரித்திருந்தது. எருவைக் கொடுத்தவரிடம் இரண்டு கிண்ணத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். "செடிக்குக் கண்பட்டிருக்கும்" என்றார். ஒன்பது விதைக்குமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

உங்கள் பாத்தியில் இந்தப் பருவம் மக்காச்சோளம் போடுங்கள். அது புல் இனம், தாங்கும். அடிக்கடி கொத்திக் காற்றோட்டம் கொடுங்கள். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல அந்த மருந்தைச் சிதைக்கும். அடுத்த ஆண்டு அவரைக் கிண்ணச் சோதனையைப் பாத்தி மண்ணிலேயே செய்து பார்த்துவிட்டுத் தக்காளி நடுங்கள். அந்தச் சோளத்தட்டையை வேறு பாத்திக்கு மூடாக்காகப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுகிறது. சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று படித்து, முட்டை ஓடு நொறுக்கிப் போடுகிறேன். நிற்கவில்லையே?

பதில்: நிற்காது. சுண்ணாம்புச்சத்து காயில் குறைந்திருப்பது உண்மை, மண்ணில் குறைந்திருக்கிறது என்பது பெரும்பாலும் உண்மையில்லை. அது தண்ணீரின் முதுகில் ஏறித்தான் செடிக்குள் பயணம் செய்யும். இலை நிறைய நீரை ஆவியாக்குவதால் இலைக்குப் போகும். காய் அதிகம் ஆவியாக்காததால் கடைசி வண்டிதான் அதற்கு. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்தக் கடைசி வண்டியும் வராது. ஒரே சீராகத் தண்ணீர் விடுங்கள், தூரில் இலைதழை மூடாக்கு போடுங்கள், புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறவராக இருந்தால் அதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். முட்டை ஓட்டைப் பொறுத்தவரை, ஒரு பழைய பாத்தியைக் கொத்தியபோது மூன்று ஆண்டுக்கு முன் நானே போட்ட ஓடுகள் வளைவு கூடக் கலையாமல் கிடைத்தன. மாவாக அரைத்தால், அதுவும் புளித்த மண்ணாக இருந்தால், ஓரளவு கரையும்.

கேள்வி: ஆறு ஆண்டாக ஆண்டுதோறும் நான்கு விரற்கடை உயரத்துக்கு மக்கிய சாண உரம் போட்டு வருகிறேன். செடி ஆள் உயரம் வளர்கிறது. காய் மட்டும் குறைவு, இளம் இலை வெளிறுகிறது. இன்னும் உரம் கூட்ட வேண்டுமா?

பதில்: அம்மா, மண்வெட்டியைக் கீழே வையுங்கள்.

வேலையில் இருந்தபோது இந்த மாதிரித் தோட்டங்களின் அறிக்கை என் மேசைக்கு வரும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) கட்டத்தில் 'மிக அதிகம்' என்று எழுதி எழுதிக் கை வலித்திருக்கிறது. செடி தழைச்சத்தை எடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் மணிச்சத்தை மிகக் கொஞ்சமே எடுக்கும். சாண உரத்தில் இரண்டும் அந்த விகிதத்தில் இருப்பதில்லை. தழைச்சத்துக்காக உரத்தைக் கொட்டக் கொட்ட, எடுபடாத மணிச்சத்து மண்ணிலேயே தங்கி ஆண்டுக்கு ஆண்டு சேர்கிறது. அளவு மீறினால் துத்தநாகமும் இரும்பும் செடிக்குக் கிட்டாமல் போகும், வேரோடு கூட்டு வைத்துப் பிழைக்கும் பூஞ்சையும் ஒதுங்கிவிடும். உங்கள் இலை வெளிறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இருப்பதை வெளியே எடுக்கக் குறுக்கு வழி கிடையாது. பயிர் வைத்து, காயாகவும் தட்டையாகவும் வெளியேற்றுவதுதான் ஒரே வழி, அதற்குப் பல ஆண்டாகும். அதுவரை சருகு மூடாக்கு மட்டும். தழைச்சத்துக்குச் சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைத்து, பூவெடுக்கும்போது மண்ணுக்குள்ளேயே மடக்கிவிடுங்கள். அது காற்றில் இருந்தே எடுத்துக் கொடுக்கும். மடக்கிய பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து நடுங்கள். அங்கேயும் முதல் பந்தி முடிய வேண்டும்.

அளவு எளிது. ஒரு சதுர மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் என்றால் 25 லிட்டர், அதாவது இரண்டு வாளிக்குக் கொஞ்சம் மேலே. புதுப் பாத்திக்கு முதல் ஆண்டு அதைப்போல இரண்டு மடங்கு போடலாம். பிறகு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரே தாராளம்.

கேள்வி: நான் வேதியியல் ஆசிரியர். செடியின் வேர் நைட்ரேட்டைத்தான் எடுக்கிறது. அது சாணத்தில் இருந்து வந்தால் என்ன, யூரியாவில் இருந்து வந்தால் என்ன? இவ்வளவு பாடு எதற்கு?

பதில்: நைட்ரேட்டைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதற்குப் பூர்விகம் தெரியாது. இயற்கை உரம் போட்ட காய் என்பதற்காக அதற்குத் தனி மந்திரம் இருப்பதாக நானும் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியில் செடி இருக்கிறது, மண் இல்லை.

வகுப்பிலேயே செய்து பாருங்கள். பல ஆண்டு மட்கு சேர்ந்த பாத்தியில் இருந்து ஒரு கட்டி, வெறும் உழவு நிலத்தில் இருந்து ஒரு கட்டி. இரண்டையும் நன்றாகக் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில், கம்பி வலைமேல் மெதுவாக இறக்குங்கள். வெறும் நிலத்துக் கட்டி சில நிமிடங்களில் பிஸ்கட்போல் ஊறிச் சரிந்து தண்ணீரைக் கலக்கிவிடும். மற்றது குமிழி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பூஞ்சை இழையும் நுண்ணுயிர்ப் பசையும் பிடித்துவைத்திருக்கும் கட்டி அது. மழையில் அடைந்து இறுகாமல் இருப்பதும் வேருக்குக் காற்று விடுவதும் அந்தப் பிடிப்பால்தான். யூரியா தழைச்சத்தைக் கொடுக்கும், பசையை நேராகக் கொடுக்காது.

எவ்வளவு நாள் நிற்கும் என்றால், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஹூஸ்ஃபீல்டு என்ற பார்லி வயலில் 1852 முதல் 1871 வரை ஒரு துண்டு நிலத்துக்கு ஆண்டுதோறும் தொழு உரம் இட்டார்கள். அதன் பிறகு இடவே இல்லை. நூறு ஆண்டு கடந்தும் அந்தத் துண்டில் மட்கிய உயிர்மப் பொருள், உரமே காணாத பக்கத்துத் துண்டைவிடக் கூடுதலாக இருந்தது. இட்டவர்களும் இல்லை, எருவைக் கொடுத்த மாடுகளும் இல்லை, கணக்கு மட்டும் முடியவில்லை.

கேள்வி: மண்புழு உரக் கூடத்தில் இருந்து நூறு புழு வாங்கிக் காய்கறிப் பாத்தியில் விட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. எங்கே போயின?

பதில்: பாதி செத்திருக்கும், பாதி வேறு குப்பை தேடிப் போயிருக்கும். உரக் கூடங்களில் பெரும்பாலும் வளர்ப்பது ஐசினியா ஃபெட்டிடா என்ற சிவப்புப் புழு. அது மேலே மட்கும் குப்பையில் வாழ்வது, மண்ணைத் துளைத்துக் குடியிருப்பது அதன் பழக்கமில்லை. அதைக் கூடத்திலேயே விட்டுவிட்டு அதன் உரத்தை மட்டும் வாங்குங்கள். பாத்தியின் மேல் சருகு போட்டு ஈரம் காத்தால், உங்கள் மண்ணுக்கே உரிய புழு தானாக மேலேறி வரும். போனவற்றைத் தேடி இனியும் தோண்டாதீர்கள், வேர்தான் அறும்.